வைகைக் கரையும் ஆராய்ச்சி நெறிகளும்



மதுரையைப் பற்றிப் பேசப் புகுவோர் சங்கத்திலிருந்து தொடங்குவது மரபு. நானும் அம்மரபையே பின்பற்றுகிறேன். இறைவன் அருளிய பலகை ஒன்று சங்கத்தில் இருந்தது என்றும், தகுதியுடைய புலவர் ஒருவர் வருந்தோறும் அது தானே நீண்டு அவருக்கு இடமளித்தது என்றும் பழங்கதை கூறும். கதை கதைதான், அதனை வரலாறு என்று சொல்ல நான் முன்வரவில்லை. ஆயினும், இளமையில் அக்கதையைக் கேட்டபோது தோன்றாத ஒரு கருத்து இந்த முதுமையில் எனக்குத் தோன்றுகிறது. அப்பலகை ஓர் அளவினதாக இருந்திருக்குமாயின், முதலில் வந்து அமர்ந்தவர்களோடு சங்கம் முடிந்திருக்கும். பின் வருபவருக்கு இடங்கொடுத்தமையால்தான் அது சங்கப் பலகை ஆயிற்று.

சென்ற நூற்று நாற்பது ஆண்டுகளில் வைகை வெளியில் அறிவு தேடி வந்தவர்கள் பலர். கல்லெழுத்தைப் படிக்க வந்தவர், ஏட்டுச் சுவடியைத் தேடியவர், வௌவாலின் பறப்பைக் கணக்கிட்டவர், கண்ணொளி மீட்கும் வழி கண்டவர், மண்ணை அகழ்ந்தவர் என அவர்கள் பல திறத்தினர். இவர்களுள் பலர் ஒருவரையொருவர் பாராதவர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காதவரும் உண்டு. எனினும், ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றொருவர் தொடங்கியிருக்கிறார். கலைகள் என்றும் அறிவியல்கள் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கும் துறைகள் ஒன்றற்கொன்று எவ்வாறு கடன்பட்டிருக்கின்றன என்பதை, நம் ஊர்ச் செய்திகளைக் கொண்டே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கடனை உணராமல் நானே செய்த பிழை ஒன்றையும் இறுதியில் சொல்லுவேன்.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கத்தில், மாங்குளம் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு குன்று உண்டு. அதன்மேல் இயற்கைக் குகைகள் உள்ளன. வெயிலும் மழையும் உள்ளே வாராதபடி குகையின் நெற்றியில் நீர்வடி விளிம்பு வெட்டப்பட்டிருக்கிறது. உள்ளே துறவியர் படுப்பதற்கான கற்படுக்கைகள் இருக்கின்றன. நெற்றிப் பாறையில் ஆழமாக வெட்டிய எழுத்துகள் காணப்படுகின்றன. ஆடு மேய்க்கும் சிறுவர்கள் பல நூற்றாண்டுகளாக அவற்றைப் பார்த்துத்தான் வந்தனர். படித்தவர் எவரும் இலர். ஆங்கில அரசின் பணியிலிருந்த இராபர்ட்டு சூவல் என்பவர் 1882இல் இவ்வெழுத்துகள் இருப்பதை உலகுக்கு அறிவித்தார். அவருடைய வேலை, எங்கு என்ன இருக்கிறது என்று பட்டியலிடுவது. பட்டியலிடுவதும் ஓர் ஆராய்ச்சியோ என்று சிலர் கேட்கலாம். அந்தப் பட்டியல் இல்லையேல் அடுத்தவர் எந்தக் குன்றில் ஏறுவார்?

எழுத்து அசோகன் காலத்துப் பிராமியைப் போன்றது என்பது விரைவில் விளங்கிற்று. மொழி எது என்பதுதான் விளங்கவில்லை. பிராமி எழுத்தில் இருப்பது பிராகிருத மொழியாகவே இருக்கும் என்று எண்ணிய அறிஞர்கள் அவ்வாறே படிக்க முயன்றனர். எழுத்துகள் ஒலித்தன, பொருள் ஓடவில்லை. பின்னர், கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை அறிஞர் மாநாட்டில் வேறொரு வழியைக் காட்டினார். இக்குகைகளில் வடமொழிக்கும் பிராகிருதத்துக்கும் இன்றியமையாத வல்லொலி எழுத்துகள் பல இல்லை என்பதையும், தமிழுக்கே உரிய ழகரம், ளகரம், றகரம், னகரம் ஆகியவற்றுக்குத் தனி வடிவங்கள் உள்ளன என்பதையும் அவர் கண்டார். ஆதலின் இம்மொழி தமிழே என்றார். இருப்பதைக் கொண்டு மட்டுமன்றி, இல்லாததைக் கொண்டும் முடிவு செய்த அந்த அறிவு நுட்பம் பாராட்டத்தக்கது.

ஆயினும் முழுப் பொருள் விளங்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1960களில் ஐராவதம் மகாதேவன் குகை குகையாக ஏறி இறங்கினார். அவர் கல்வெட்டுத் துறையில் பட்டம் பெற்றவர் அல்லர். அறிவியலும் சட்டமும் பயின்று, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். பின்னாளில் தினமணி நாளிதழின் ஆசிரியராகவும் விளங்கினார். விடுமுறை நாள்களிற் கிடைத்த ஓய்வைக் குன்றுகளுக்குக் கொடுத்தார். உயிரெழுத்துக் குறிகளை அக்காலத்தவர் எவ்வாறு இட்டனர் என்ற மரபைத் தெளிவுபடுத்தி, மாங்குளத்துக் கல்லில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரையும், கரூரை அடுத்த புகலூரில் சேரல் இரும்பொறையின் பெயரையும் படித்துக் காட்டினார். மாங்குளக் கல்வெட்டுகளை அவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின என்று கணித்தார். 1990களில் மீண்டும் அதே குகைகளுக்குச் சென்று தம் படிப்பைத் தாமே சரிபார்த்தார். அவருடைய பெருநூல் வெளிவந்தது 2003இல். சூவல் கண்ட நாளிலிருந்து எண்ணினால் அவ்வெழுத்துகள் ஒருவாறு தெளிவாக எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின. நிறைவான பதிப்பாக நூற்றிருபத்தோர் ஆண்டுகள் ஆயின. ஆராய்ச்சி என்பது ஒரு தலைமுறையில் முடியும் தொழிலன்று.

இங்கே ஒரு கேள்வி எழும். கல்லில் நெடுஞ்செழியன் என்று படித்தவுடன் அது பாண்டியன் பெயர் என்று மகாதேவனுக்கு எப்படித் தெரிந்தது? சங்க நூல்கள் அச்சில் இருந்தமையால் தெரிந்தது. அந்நூல்கள் அச்சேறியிராவிடில் அப்பெயர் ஊமைப் பெயராகவே கிடந்திருக்கும். உ. வே. சாமிநாதையர் ஊரூராய்ச் சுவடி தேடி, 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்மீது மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி அதனுள் அடங்கியது. கல்லில் உள்ளவன் இலக்கியம் போற்றும் நெடுஞ்செழியர்களுள் ஒருவனா, அவர்களுக்கும் முற்பட்டவனா என்பது வேறு வினா. அவ்வினாவை எழுப்புவதற்கேனும் ஏடு வேண்டியிருந்தது.

ஏட்டைக் காத்த இன்னொருவரையும் இங்கு நினைக்க வேண்டும். பாலவநத்தம் ஜமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தபோது, மேற்கோளுக்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டார் என்றும், சங்கம் இருந்த ஊரில் அவை எளிதிற் கிடைக்கவில்லை என்றும் சொல்லுவர். அந்த வருத்தத்தின் விளைவாக 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. சங்கத்தோடு ஒரு நூல் நிலையமும் அச்சுக்கூடமும் தேர்வுகளும் தோன்றின. ‘செந்தமிழ்’ என்னும் திங்களிதழ் இரா. இராகவையங்காரை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. பழஞ்சுவடிகள் பல அவ்விதழின் வாயிலாக வெளிச்சம் பெற்றன. புலவர் சுவடியைப் பதிப்பித்தபோது, அறுபது ஆண்டுகளுக்குப்பின் ஓர் ஆட்சிப் பணியாளர் அதனைக் குகைக்கு எடுத்துச் செல்வார் என்று நினைத்திருக்க மாட்டார்.

அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகள் இன்னும் சுவையானவை. அங்கே துறவியர்க்குக் கொடை அளித்தவர்களுள் உப்பு வணிகன் ஒருவன்; கருப்பஞ்சாற்றிலிருந்து செய்த பணிதம் விற்றவன் ஒருவன்; கலப்பைக்குக் கொழு விற்றவன் ஒருவன்; அறுவை, அதாவது துணி விற்றவன் ஒருவன்; மதுரையைச் சேர்ந்த பொன் வினைஞன் ஒருவன். அரசர் பெயர்களையே வரலாறு என்று மனப்பாடம் செய்த நமக்கு, உப்பு விற்றவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்து வந்து சேர்ந்திருப்பது வியப்பைத் தருகிறது. பொருளியல் பயில்பவர்க்கு இது ஒரு சந்தையின் கணக்கு. சமயம் பயில்பவர்க்குச் சமணத்தைப் பேணியவர் பட்டியல். மொழி நூலார்க்குப் பழஞ்சொற்களின் களஞ்சியம். கல் ஒன்று, வினாக்கள் மூன்று.

வைகையின் மேற்பகுதியில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை என்னும் ஊரில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுகற்கள் சிலவற்றைக் கண்டனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்காக நட்டது. அப்பூசலைக் குறிக்க அதிலுள்ள சொல் ‘ஆகோள்’ என்பது. தொல்காப்பியம் வெட்சித் திணைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் இதே சொல்லை ஆளுகிறது. வெட்சித் திணையை வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தவன் நான். அது புலவர் வகுத்த பாட்டுமரபு என்றே எண்ணியிருந்தேன். இலக்கணத்திற் கண்ட சொல்லை மாடு மேய்க்கும் நிலத்துக் கல்லிற் கண்டபோது, என் பாடம் எனக்கே புதிதாயிற்று.

இனி, பல்கலைக்கழகத்துக்கு வருவோம். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் நிறுவப்பட்டது; 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. அதன் முதல் துணைவேந்தர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். சட்டமும் வரலாறும் தமிழும் மொழியியலும் கற்ற பன்மொழிப் புலவர் அவர். ஒரு தமிழறிஞரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய அப்பல்கலைக்கழகம் சில ஆண்டுகளிலேயே உயிரியல் ஆராய்ச்சியால் உலகப் பெயர் பெற்றது என்பது நினைத்து மகிழத்தக்கது.

அவ்வாராய்ச்சிகளுள் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். செருமனியில் ஆராய்ச்சி செய்து திரும்பிய மு. க. சந்திரசேகரன் என்னும் விலங்கியல் அறிஞர் 1970களில் இங்குப் பேராசிரியரானார். உயிர்களின் உடலில் நாள்தோறும் ஓடும் கடிகாரத்தைப் பற்றியது அவர் ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்துக்கு அருகேயுள்ள ஒரு குகையில் பூச்சி தின்னும் வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தன. குகையின் உட்புறத்தில் பகலிலும் இருள்தான். அங்கே தொங்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எவ்வாறு தெரிகிறது? இதுவே வினா. சந்திரசேகரனும், அவருடைய மாணவராயிருந்த மாரிமுத்து முதலியோரும் ஒரு வௌவாலைக் கூண்டிலிட்டுக் குகை இருளில் வைத்து, அதன் அசைவை இடைவிடாது பதிவு செய்தனர். சுற்றிலும் கூட்டம் இருந்தவரையில், கூண்டிலிருந்த வௌவால் மற்றவை புறப்படும் நேரத்தில் விழித்து, அவை திரும்பும் நேரத்தில் அடங்கியது. கூட்டம் இல்லாத இருட்குகையிலோ, அது தன் உடற்கடிகாரத்தின்படியே இயங்கியது. அக்கடிகாரம் சரியாக 24 மணி அளவினது அன்று. ஆதலால் அதன் விழிப்பு நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியுலகப் பொழுதிலிருந்து விலகிச் சென்றது. துணையோடு இருக்கும்போது பொழுது தவறாத உயிர், தனித்திருக்கும்போது பொழுது தவறிற்று. பின்னர் மனிதருக்கும் இத்தகைய ஆய்வு நடைபெற்றது. கடிகாரமும் கதிரவனும் காணாத ஓர் அறையில் தன்னார்வலர்கள் பல நாள் தங்கி, தம் உறக்கத்தையும் விழிப்பையும் ஆய்வுக்குக் கொடுத்தனர்.

இந்த ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. இரவுப் பணி செய்யும் தொழிலாளியின் உடல்நலம், மருந்து உண்ண ஏற்ற வேளை ஆகியவற்றை ஆராயும் துறைக்கு இதுவே அடிப்படை. ஆனால், குகைக்குள் நுழைந்தவர்கள் அப்பயனைத் தேடி நுழையவில்லை; வினாவைத் தேடியே நுழைந்தனர்.

பயனையே முதலில் நாடிப் புறப்பட்ட ஆராய்ச்சியும் இவ்வூரில் உண்டு. கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளுக்கு அறுவை செய்வது எப்படி என்பதை மருத்துவ நூல்கள் கூறின. குறைந்த செலவில், குறைந்த காலத்தில், தரம் குன்றாமல் பல்லாயிரம் பேருக்குச் செய்வது எப்படி என்பதை எந்த நூலும் கூறவில்லை. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை அந்நாளில் வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்தது. 1992இல் தொடங்கிய அரோலேப் என்னும் நிறுவனம் அதனை மதுரையிலேயே செய்து, ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டு வந்தது. வேலையைப் பகுத்தல், நேரத்தை அளத்தல், விலையைக் குறைத்தல் ஆகியவற்றையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளலாம் என்பதற்கு இது சான்று. தம் கண்ணால் மீண்டும் பார்க்கும் பாட்டியருக்கு இதனைப் பற்றி விரிவுரை வேண்டுவதில்லை.

இதுவரை சொன்ன நெறிகள் தனித்தனியே ஓடியவை. அவற்றிற் பல ஓரிடத்தில் வந்து கலந்ததைக் காண, மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் செல்ல வேண்டும். திருப்புவனம் வட்டத்துக் கீழடியின் தென்னந்தோப்பில் அது நிகழ்ந்தது. ஆசிரியர் என்ற முறையில் ஒரு செய்தியை இங்கு மகிழ்வோடு சொல்லுகிறேன். 1970களில், நிலம் தோண்டியபோது கிடைத்த பழம்பொருளைப் பற்றி அவ்வூர்ப் பள்ளி மாணவன் ஒருவன் தன் வரலாற்று ஆசிரியரிடம் தெரிவித்தான். அவர் அதனைப் பொருட்படுத்தித் தொல்லியலாருக்கு அறிவித்தார். ‘போய்ப் பாடத்தைப் படி’ என்று அவர் சொல்லியிருந்தால் ஒரு தடயம் அன்றே மறைந்திருக்கும்.

இந்தியத் தொல்லியல் துறையினர் தேனி முதல் இராமநாதபுரம் வரை வைகைக் கரையை ஆராய்ந்து 293 பழைய இடங்களைக் குறித்தனர். அவற்றுள் கீழடியில் 2015இல், அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில், அகழாய்வு தொடங்கிற்று. நான்காம் கட்டமாகிய 2017-18 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதனை மேற்கொண்டது. செங்கற் சுவர்கள், உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், பகடைக் காய்கள், சூதுபவள மணிகள், பொன் அணிகள் எனப் பொருள்கள் வெளிப்பட்டன. ஆதன் என்றும் குவிரன் என்றும் தமிழிப் பெயர்கள் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. அந்த ஓடுகளைப் படிக்கச் சுப்பிரமணிய ஐயரும் மகாதேவனும் காட்டிய வழியே உதவிற்று.

படித்தல் மட்டும் போதவில்லை. விலங்கெலும்புகள் புனேயிலுள்ள தக்காணக் கல்லூரிக்குச் சென்றன. அவற்றைத் தேர்ந்து பார்த்தவர்கள், பாதிக்கு மேற்பட்டவை மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் என்றனர். உழவும் மேய்ச்சலும் அம்மக்களின் வாழ்வு என்பதை எலும்பு சொல்லிற்று. செங்கல்லும் சுண்ணமும் வேலூர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அவற்றிற் கலந்துள்ள மணலும் இரும்பும் சுண்ணாம்பும் அளக்கப்பட்டன. பானை ஓடுகள் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகம் வரை சென்று, உள்ளூர் மண்ணால் ஆனவை என்ற சான்றோடு திரும்பின. கரித் துண்டுகள் ஆறு அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்குச் சென்றன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு துண்டின் காலம் கி.மு. 580 என்று விடை வந்தது; 2019இல் அரசு அதனை வெளியிட்டது. அருகிலுள்ள கொந்தகையில் முதுமக்கள் தாழிகளிலிருந்து எடுத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணு ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அங்குக் கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகர அறிஞர்கள் அமைத்த இரு முகங்களை 2025இல் நாம் கண்டோம்.

இந்த இடத்தில் நாம் ஆத்திரப்படாமல் நின்று எண்ண வேண்டும். மாங்குளத்து எழுத்தை மகாதேவன் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்றார். கீழடியின் கரியோ கி.மு. ஆறாம் நூற்றாண்டினது. அப்படியாயின் தமிழ் எழுத்து அசோகனுக்கும் முந்தியதா? ஆம் என்பர் சிலர்; பொறுத்திருங்கள் என்பர் சிலர். 2023இல் ஒப்படைக்கப்பட்ட முதற் கட்டங்களின் அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025இல் கேட்டதும் பெரும் விவாதமாயிற்று.

விவாதத்தின் உட்பொருளை எளிமையாகச் சொல்லுகிறேன். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கதிர்க்கரியைச் சிறிதளவு எடுத்துக் கொள்ளுகிறது. மரம் இறந்தபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் மரம் இறந்த காலம் தெரியும். ஆகவே கரி தன் காலத்தைத்தான் சொல்லும். பக்கத்திற் கிடந்த ஓட்டின் காலத்தைச் சொல்லாது. இரண்டும் ஒரே மண்ணடுக்கில் ஒரே காலத்திற் படிந்தன என்பதை அகழ்ந்தவர்தாம் நிறுவ வேண்டும். மேலும், கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்துப் பொருள்களில், காற்றிலிருந்த கதிர்க்கரியின் மாறுதலால், ஓர் ஆண்டைத் திட்டமாகச் சுட்டுவது கடினம். ஒரு கால எல்லையையே சொல்ல முடியும். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பவர்க்கும் குறை உண்டு. நகரத்தான் எழுத்தும் நாட்டுப்புறத்தான் எழுத்தும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை.

இயற்பியலார், அகழ்வோர், எழுத்து வல்லார் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் உண்மையை நெருங்க வேண்டியிருக்கிறது. பழனிமலை அடிவாரத்துப் பொருந்தலில் கா. இராசன் அகழ்ந்த ஈமக் குழியில், எழுத்துப் பொறித்த பொருளோடு நெல்லும் இருந்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. மூடிய குழியில் எழுத்தும் நெல்லும் உடன் கிடந்தமையால் அச்சான்று எடையுடையது. இவ்வாறு சான்றுகள் ஒவ்வொன்றாய்ச் சேரச் சேர வழக்கு வலுப்பெறும். பெருமை வேண்டும் என்பதற்காக விடையை முன்னதாக முடிவு செய்வதும், ஐயம் வேண்டும் என்பதற்காகச் சான்றைத் தள்ளுவதும் ஆராய்ச்சிக்கு ஒவ்வா. வைகைக் கரை மக்களின் உண்மையான பெருமை, தீர விசாரித்த உண்மையிலேதான் இருக்கிறது.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். பல ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தவன் நான். ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடியும் தறுவாயில் மேனிலை வகுப்புச் சேர்க்கை நடக்கும். மதிப்பெண் பட்டியலை மேசைமேல் வைத்துக்கொண்டு, மிகுந்தவர்களை ‘முதல் குரூப்’ என்று மக்கள் வழங்கும் கணித அறிவியற் பிரிவுக்கும், குறைந்தவர்களை வரலாற்றுப் பிரிவுக்கும் அனுப்புவேன். நெல்லையும் பதரையும் பிரிப்பது போலவே செய்தேன் என்பதை இன்று சொல்ல வெட்கப்படுகிறேன்.

ஓர் ஆண்டு, ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து ஒரு மாணவன் வந்தான். மதிப்பெண் மிக உயர்வு. அவன் கேட்டதோ வரலாற்றுப் பிரிவு. கால்சட்டைப் பையிலிருந்து கருப்பும் சிவப்புமான ஓடு ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்து, ‘எங்க வயல்லே கெடந்துச்சுங்கய்யா’ என்றான். கூலி வேலை செய்யும் அவன் தந்தையார் கைகட்டி நின்று, ‘ஐயா பார்த்து எதுல சேர்த்தாலும் சரி’ என்றார். ‘தம்பி, இவ்வளவு மதிப்பெண்ணை வீணாக்காதே’ என்று சொல்லி, முதற் பிரிவில் அவன் பெயரை எழுதினேன். ஓட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அது என்ன என்று ஒரு சொல் கேட்கவில்லை.

கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டபின் ஒரு நாள் அங்குச் சென்றேன். ஒருவர் தம் சிறு மகளோடு வந்து வணங்கினார். அவரேதான். பொறியியல் படித்து, வெளியூரில் நல்ல பணியில் இருப்பதாகச் சொன்னார். கண்ணாடிப் பேழைக்குள் கருப்பு சிவப்பு ஓடுகள் இருந்தன. ‘ஐயா, இந்த ஓட்டின் நிறம் எப்படி வருகிறது தெரியுமா? உட்புறம் காற்றுப் படாமலும் வெளிப்புறம் காற்றுப் பட்டும் சுடுவதால் வருவது. கல்லூரியில் உலோகவியல் படித்தபோது எனக்கு அது தெரிந்தது’ என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. நான்தான் தலைகுனிந்தேன்.

அவருக்கு வரலாற்றுப் பிரிவு கொடுத்திருக்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவர் கற்ற அறிவியலும் அந்த ஓட்டுக்கு வேண்டியதாகவே இருந்தது. நான் செய்த பிழை, ஒரு பிரிவை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் அவன் மனத்தில் எழுதியது. அவ்வாறே வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்பிய மாணவர்களிடமும், ‘அறிவியல் உனக்கு வாராது’ என்று சொல்லாமற் சொல்லி அனுப்பினேன். அவர்களுள் ஒருவன் எலும்பை ஆராய்ந்திருப்பானோ, வௌவாலை ஆராய்ந்திருப்பானோ, யார் அறிவார்?

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மீண்டும் சேர்க்கைக் காலம் வரும். எந்தப் பிரிவில் சேர்த்தாலும், மற்றப் பிரிவை இழிவாக ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். பிள்ளை கையில் கொண்டுவரும் ஓட்டையோ, பூச்சியையோ, பழைய பாட்டின் ஓர் அடியையோ வாங்கிப் பாருங்கள். அது என்ன என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. குகை இருளில் தனித்துவிடப்பட்ட வௌவாலின் பொழுது விலகிச் சென்றதை நினையுங்கள். துறைகளும் அவ்வாறே, கூடியிருந்தால்தான் பொழுது தவறாது.

சங்கப் பலகை இன்று இல்லை. பொற்றாமரைக் குளம் இருக்கிறது. அதன் படியில் மாலை நேரத்தில் அமர்ந்திருக்கும்போது, இனி வருபவர் யாராக இருப்பார் என்று எண்ணுவதுண்டு. எவராயினும், அவருக்கு இடம் ஒதுக்க வேண்டியவர்கள் நாமே.